வாசலில் காவல், பாயில் சிரங்கு

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம் முழு ஊரடங்கு தொடங்குவதற்கு முந்தைய நாள், சென்னையிலிருந்து உங்கள் தங்கை தன் கணவரோடும் இரண்டு குழந்தைகளோடும் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒரே கூரைக்குக் கீழே ஒன்பது பேர். வாசலில் வாளியும் சோப்பும், காய்கறிக்கு மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீர், காலையில் கபசுரக் குடிநீர், நாளுக்கு இருபது தடவை கை கழுவல், போதாததற்குச் சானிடைசர். யாரோ சொன்னார்கள் என்று பெரியவர்கள் ஐவர்மெக்டின் என்ற, சிரங்குக்கும் கொடுக்கிற மாத்திரையையும் விழுங்கினீர்கள். கொரோனா வரவில்லை. சிரங்கு வந்தது. முதலில் மாமியாருக்கு, ஒரு மாதம் கழித்து மற்ற எல்லாருக்கும். ஒழிய ஐந்து மாதம் பிடித்தது. இப்போது கல்லூரி விடுதியிலிருந்து வந்திருக்கும் மகள் ராத்திரியில் விரலிடுக்கைச் சொறிகிறாள். "அவ்வளவு சுத்தமாக இருந்தும் எப்படி வந்தது? அன்று எங்கே தவறினோம்?" என்று கேட்கிறீர்கள்.

தோல் மருத்துவராக இந்தக் கேள்வியின் பல வடிவங்களை அந்த இரண்டு வருடத்திலும் கேட்டிருக்கிறேன். கேட்கிறவர்கள் எல்லாரும் தாழ்ந்த குரலில்தான் கேட்டார்கள். கொரோனா வந்தது என்று சொல்ல யாரும் அவ்வளவு கூசவில்லை. சிரங்கு என்றால் குரல் இறங்கிவிடுகிறது. உங்கள் வீட்டுச் சுத்தத்தில் குறை ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து மூச்சு வழியாக வரும் ஒன்றுக்குக் காவல் போட்டீர்கள். இது வீட்டுக்குள்ளேயே ஒரு பாயிலிருந்து அடுத்த பாய்க்கு ஊர்ந்து போகிற ஜீவன். கதவைச் சாத்தியபோது அதுவும் உங்களோடு உள்ளே இருந்தது.

அந்த ஜீவனைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். சிரங்கு என்று நாம் பொதுவாகச் சொல்லும் பலவற்றில், மருத்துவர்கள் ஸ்கேபிஸ் என்பது ஒரு குறிப்பிட்ட சிற்றுண்ணியால் வருவது. எட்டுக் கால். பெண் உண்ணி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் நீளம். ஆண் அதில் பாதி. நல்ல கண் உள்ளவர்களுக்கு ஊசி முனையில் ஒரு வெள்ளைப் புள்ளி மாதிரித் தெரியும், அவ்வளவுதான். இதற்குப் பறக்கத் தெரியாது, குதிக்கவும் தெரியாது. கதகதப்பான தோல் மேல் நிமிடத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் நடக்கும். பெண் உண்ணி தோலின் மேலடுக்கில், செத்த தோல் படிந்திருக்கும் பகுதியில், சுரங்கம் தோண்டிக்கொண்டு அதற்குள்ளேயே குடியிருக்கும். நாளுக்கு இரண்டு மூன்று முட்டை. மூன்று நான்கு நாளில் பொரிந்து, இரண்டு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை தயார். தாய் ஒன்றிரண்டு மாதம் உயிரோடு இருக்கும்.

ஒருவர் உடம்பில் எத்தனை இருக்கும் என்று கேட்டால் ஆயிரக்கணக்கில் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். சாதாரணச் சிரங்கில் பத்துப் பதினைந்துதான். உடம்பு முழுக்கப் பரவும் அந்தத் தடிப்பும் பொரிப்பொரியான பருக்களும் உண்ணி இருக்கும் இடங்கள் அல்ல. உண்ணியின் எச்சத்துக்கும் முட்டைக்கும் உமிழ்நீருக்கும் நம் உடம்பு காட்டும் ஒவ்வாமை. தொடையில் அரிக்கும், பூச்சி மணிக்கட்டில் இருக்கும். அரிக்கிற இடத்தில் மட்டும் மருந்து தடவினால் ஏன் தீராது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

சுரங்கத்தைக் கண்ணால் பார்க்க ஒரு பழைய முறை உண்டு. பேனா மையைச் சந்தேகப்படும் இடத்தில் தடவி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துவிட வேண்டும். மேலே இருந்த மை போய்விடும். சுரங்கத்துக்குள் இறங்கிய மை மட்டும், குழந்தை கிறுக்கிய மாதிரி ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு வளைந்த நீலக் கோடாக நிற்கும். இப்போது டெர்மோஸ்கோப் என்ற கைக்கருவி இருக்கிறது. விரலிடுக்கில் வைத்துப் பார்த்தால் கோட்டின் முனையில் ஒரு சிறிய கருத்த முக்கோணம் தெரியும். அதுதான் உண்ணியின் தலையும் முன்கால்களும். பின்னால் வெண்புகை இழுத்துக்கொண்டு போகும் ஜெட் விமானம் போல இருக்கிறது என்று பாடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். கொரோனாக் காலத்தில் முகத்தடுப்பும் கண்ணாடியும் ஆவி படிந்து, அந்த முக்கோணத்தைப் பார்க்க நான் பட்ட பாடு பெரும்பாடு. பாதி நோயாளிகளைப் போனில் வந்த மங்கிய படங்களில்தான் பார்த்தேன். தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகள் 2020 மார்ச் 25 அன்று, நாடு அடைக்கப்பட்ட அதே நாளில் வந்தன. அதனால் படம் பார்த்து மருந்து எழுத முடிந்தது. ஆனால் படத்தில் சுரங்கம் தெரியாது. அதனால் இரண்டே கேள்விதான் கேட்பேன். ராத்திரியில் கூடுகிறதா? வீட்டில் இன்னும் யாருக்கு? இரண்டுக்கும் "ஆமாம்" வந்தால் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் மாமியாருக்கு வருவோம். முதலில் சொறிந்தவர் அவர் என்பதால் பழி அவர் மேல் விழுந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தனித் தட்டு, தனிப் பாய், திண்ணையில் படுக்கை. 2018இல் அவருக்கு ஒருமுறை சிரங்கு வந்து மருந்து போட்டார் என்றும், போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரியில்தான் விடை இருக்கிறது.

சிரங்கு முதல் தடவை வருகிறவருக்கு உண்ணி ஏறிய அன்றே அரிக்காது. உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்க்கத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அரிப்பே இல்லாமல் அவர் மற்றவர்களுக்கும் கொடுத்துக்கொண்டிருப்பார். ஏற்கெனவே ஒருமுறை வந்தவருக்கு உடம்பு அதை அறிந்து வைத்திருக்கிறது. ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் அரிப்பு தொடங்கிவிடும். கணக்கை நீங்களே போடுங்கள். தங்கை குடும்பம் வந்தது மே 9. மாமியாருக்கு அரிப்பு தொடங்கியது மே 14 என்கிறீர்கள். மற்றவர்களுக்கு ஜூன் நடுவில். நடந்தது இப்படித்தான் இருக்க வேண்டும்: வந்தவர்களில் ஒருவரிடம், பெரும்பாலும் குழந்தைகளில் ஒன்றிடம், அரிப்பு இன்னும் வெளியே தெரியாத உண்ணி இருந்தது. பேரப்பிள்ளைகள் பாட்டியோடுதானே படுத்தார்கள்? எல்லாருக்கும் அந்த ஒரு வாரத்திலேயே ஏறியிருக்கலாம். அவருடைய உடம்பு மட்டும் முதலில் மணியடித்தது. அந்த மணியைக் கேட்டு அன்றே ஒன்பது பேருக்கும் மருந்து போட்டிருந்தால் ஐந்து மாதம் ஐந்து வாரமாகச் சுருங்கியிருக்கும். அவரைத் திண்ணைக்கு அனுப்பினீர்கள். இப்போதாவது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கை கழுவல். பிரிட்டனில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கென்னத் மெலன்பி என்பவர் எண்ணூறுக்கும் மேற்பட்ட சிரங்கு நோயாளிகளின் உடம்பில் உண்ணிகளைப் பொறுக்கி எண்ணினார். சராசரி ஆளுக்குப் பதினொன்று. அவற்றில் 63 சதவீதம் கைகளிலும் மணிக்கட்டிலும். அதாவது நாம் நாளுக்கு இருபது தடவை சோப்புப் போட்ட அதே இடத்தில்தான் பாதிக்கு மேல் குடியிருக்கின்றன! சோப்பு வைரஸின் கொழுப்பு உறையைக் கரைக்கிறது. அதனால் கொரோனாவுக்குக் கை கழுவச் சொன்னது சரிதான். தோலுக்குள் சுரங்கத்தில் இருக்கும் உண்ணிக்கு மேலே ஓடும் சோப்புத் தண்ணீரால் என்ன? வீட்டுக்குள் இருப்பவருக்குக் கூரை மேல் பெய்யும் மழை மாதிரி. சானிடைசரும் அப்படியே. அரை நிமிடத்தில் ஆவியாகும் சாராயம் சுரங்கத்துக்குள் இறங்காது. வறண்டு வெடித்த தோலில் எரிச்சலைத்தான் கூட்டும்.

இதில் இன்னொரு குழப்பமும் வந்து சேர்ந்தது. சோப்பிலும் சானிடைசரிலும் தோலின் எண்ணெய்ப் பசை போய், விரல்கள் வெடித்து அரிக்கும் கைக் கரப்பான் 2020, 2021இல் வீட்டுக்கு வீடு இருந்தது. மருத்துவமனைச் செவிலியர்களுக்கும் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர்களுக்கும் அதிகம். அதனால் உண்மையான சிரங்கு வந்தவர்களும் "சானிடைசர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நினைத்துக் காத்திருந்தார்கள். வித்தியாசம் கண்டுபிடிக்கச் சட்டையைக் கழற்ற வேண்டும். சோப்பினால் வரும் கரப்பான் கையோடு நிற்கும். சிரங்கு அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பில் பாவாடை நாடா அழுத்தும் இடம், பெண்களுக்கு மார்புக் காம்பைச் சுற்றி, ஆண்களுக்குப் பிறப்புறுப்பு, புட்டம் என்று ஒரு வட்டம் போடும். கைக்குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையிலும் வரும். ஆணுறுப்பில் அரிக்கும் சிறு கட்டிகள் இருந்தால் வேறு சோதனையே தேவையில்லை என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். அதைத்தான் ஆண்கள் கடைசிவரை சொல்ல மாட்டார்கள்.

உடையையும் படுக்கையையும் பற்றி மெலன்பி செய்த சோதனை இன்னும் சுவையானது. 1941இல் ஷெஃபீல்டு நகரில், போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்கள் சிலர் இந்த ஆராய்ச்சிக்குத் தங்கள் உடம்பைக் கொடுக்க முன்வந்தார்கள். சிரங்கு பிடித்த சிப்பாய்கள் படுத்தெழுந்த போர்வைகளை, துவைக்காமல், வெற்று உடம்பில் சுற்றிக்கொண்டு படுத்தார்கள். அந்தச் சிப்பாய்களுடைய உள்ளாடைகளையும் போட்டுக்கொண்டார்கள். போர்வையை எல்லாம் கிருமி நீக்குவதில்தான் அரசு அதுவரை பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. சோதனையில் மிகச் சிலருக்குத்தான் சிரங்கு வந்தது. சிரங்கு பிடித்த ஒருவரோடு ஒரே படுக்கையில் படுத்தவர்களுக்குத் தொற்றியது. தோலோடு தோல், கால் மணி நேரம் போல் நீடித்த தொடுகை. சிரங்கின் வழி அதுதான். கடையில் மிச்சக் காசு வாங்கும்போதோ, கை குலுக்கும்போதோ வருவது அரிது.

நினைத்துப் பாருங்கள், ஊரடங்கில் நமக்கு மிச்சமிருந்த தொடுகை எல்லாம் இந்த வகைதான். வெளியாளோடு ஆறடி. வீட்டுக்குள் ஒரே மின்விசிறிக்குக் கீழே வரிசையாய்ப் பாய், பாட்டி மடியில் பேரன், ஒரே போர்வைக்குள் இரண்டு பிள்ளைகள், ஒரு செல்போனில் படம் பார்க்கத் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்த மூன்று பேர். ஸ்பெயினிலும் துருக்கியிலும் தோல் மருத்துவர்கள் அந்த மாதங்களில் சிரங்கு கூடியதை எழுதினார்கள். நோய்க்கு வழி கொடுத்ததோடு ஊரடங்கு வைத்தியத்தையும் தள்ளிப்போட்டது. அரிப்புக்காக ஆஸ்பத்திரிக்குப் போய்க் கொரோனாவை வாங்கி வருவானேன் என்று எல்லாரும் யோசித்தார்கள். அந்த யோசனையைத் தவறு என்றும் சொல்ல முடியவில்லை.

யோசித்தவர்கள் போனது மருந்துக் கடைக்கு. உங்கள் வீட்டுக்கும் ஒரு டியூப் வந்தது, தடவியதும் இரண்டு நாளில் அரிப்பு அடங்கியது, நிறுத்தியதும் திரும்பியது, மறுபடி வாங்கினீர்கள், இரண்டரை மாதம் இப்படியே போனது. டியூபின் மேல் க்ளோபெட்டசால் என்றோ பீட்டாமெத்தசோன் என்றோ போட்டிருக்கும். ஸ்டீராய்டு. கூடவே பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, எதுவாக இருந்தாலும் ஒன்றாவது கேட்கும் என்ற கணக்கு. அந்த மூன்றில் எதுவும் உண்ணியைக் கொல்லாது. ஸ்டீராய்டு செய்வதெல்லாம் காவல்காரனைத் தூங்க வைப்பது. எதிர்ப்பு அடங்கியதால் அரிப்பு அடங்கும்; எதிர்ப்பு அடங்கியதால் உண்ணியும் பெருகும். தடிப்பின் வடிவமே மாறிப்போய், பிறகு பார்க்கும் மருத்துவரையும் ஏமாற்றும். எனக்கும் அப்படி ஒரு முறை ஏமாற்றம் நடந்திருக்கிறது. படை என்று நினைத்து ஒரு மாதம் பூஞ்சை மருந்து கொடுத்தேன். அவருடைய மனைவி கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தபோது, குழந்தையின் உள்ளங்காலைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஐவர்மெக்டின் பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. "சிரங்குக்கான மாத்திரையையே விழுங்கியும் சிரங்கு வந்ததே!" என்கிறீர்கள். இது நல்ல மருந்து. ஜப்பானின் சதோஷி ஒமுராவும் வில்லியம் கேம்பெலும் இதற்காக 2015இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதே ஆண்டு வெளியான ஃபிஜித் தீவு ஆய்வு ஒன்றில், ஊரில் எல்லாருக்கும் இந்த மாத்திரையைக் கொடுத்ததில், நூற்றுக்கு 32 பேரிடம் இருந்த சிரங்கு ஓராண்டில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் கீழே இறங்கியது. கொரோனாவுக்கு இது கேட்கும் என்ற பேச்சு 2020இல் ஆய்வகத் தட்டில் நடந்த சோதனையிலிருந்து கிளம்பியது. 2021 மே மாதம் கோவா அரசு பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் ஐந்து நாள் கொடுப்பதாக அறிவித்தது. ஒன்றிய அரசின் சிகிச்சை நெறிகளிலும் இடம் பிடித்து, அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியேறியது. பிரேசிலில் 1,358 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில் கொரோனாவுக்குப் பயன் ஏதும் தெரியவில்லை.

சரி, சிரங்குக்காவது வேலை செய்திருக்க வேண்டாமா? செய்யும், ஆனால் முறை வேறு. உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 12 மில்லிகிராம், சாப்பாட்டோடு. இது முட்டையைக் கொல்லாது. அதனால் ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் இரண்டாவது முறை, முட்டையிலிருந்து வந்தவை முட்டையிடும் முன், விழுங்கியாக வேண்டும். பதினைந்து கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை. நீங்கள் எப்படி விழுங்கினீர்கள்? பெரியவர்கள் மட்டும், ஆளுக்கொரு நாளில், ஒரே தடவை. குழந்தைகளிடம் உண்ணி பத்திரமாக இருந்தது. மாத்திரை இரண்டு மூன்று நாளில் உடம்பை விட்டுப் போயிற்று. குழந்தைகள் மறுபடி மடியில் ஏறினார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது ஆகஸ்டில் நடந்ததுதான். கடைசியில் ஒரு மருத்துவர் சரியாகக் கண்டுபிடித்து, ஒன்பது பேருக்கும் உண்ணியைக் கொல்லும் பெர்மெத்ரின் 5 சதவீதக் கிரீம் எழுதிக் கொடுத்திருக்கிறார். ராத்திரி தடவினீர்கள். அப்புறம் பழக்க தோஷம்: சாப்பிடும் முன் கை கழுவல், சமையலறையிலிருந்து வந்து கை கழுவல், படுக்கும் முன் சானிடைசர். அறுபத்து மூன்று சதவீத உண்ணி எங்கே இருக்கிறது என்று மேலே சொன்னேன். அந்த இடத்துக் கிரீம்தான் அரை மணி நேரத்தில் குழாயடிக்குப் போனது. கிரீம் தடவிய பிறகு கை கழுவினால், கழுவிய ஒவ்வொரு தடவையும் கைக்கு மறுபடி தடவ வேண்டும். சீட்டில் அந்த வரியை எழுத யாரும் நினைக்கவில்லை, நானும் பலருக்கு நினைக்கவில்லை. அந்தக் காலத்தில் மருந்துக்கு உண்ணி மசியவில்லை, மரத்துப்போய்விட்டது என்று நிறையப் பேசினோம். அப்படி ஒரு கவலை உலகத்தில் இருப்பது உண்மைதான். என் மேசைக்கு வந்தவர்களில் பெரும்பாலும் மருந்து தடவிய விதத்தில்தான் ஓட்டை இருந்தது.

இந்த முறை எப்படித் தடவ வேண்டும் என்று நிதானமாகச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை ராத்திரியைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் எல்லாரும் அன்றே, அரிப்பு இல்லாதவரும். "எனக்கு ஒன்றுமில்லையே" என்று ஒருவர் நழுவுவார், பெரும்பாலும் வீட்டுக்காரர். நான்கு முதல் ஆறு வாரக் கணக்கை அவருக்குச் சொல்லுங்கள். சாப்பாட்டை முடித்து, பாத்திரம் கழுவி, குளித்து, நன்றாகத் துவட்டி, தோல் ஆறிய பிறகு தொடங்குங்கள். பெரியவருக்கு 30 கிராம் டியூப் ஒன்று முழுதாக வேண்டும். பணத்தைப் பார்த்து ஒன்றை இரண்டு பேர் பங்கிட்டால் அடுத்த மாதம் நான்காக வாங்க நேரும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். காதின் பின்புறத்திலும், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரையும், ஒரு விரற்கடை விடாமல்: விரலிடுக்கு ஒவ்வொன்றும், நகத்தின் அடி, தொப்புள் குழி, மார்பின் அடி, தொடை இடுக்கு, புட்டப் பிளவு, கால்விரல் இடுக்கு. முதுகுக்கு ஒருவருக்கொருவர் உதவுங்கள். வயதான மாமியாருக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் அதற்கும் தலை, முகத்திலும் வேண்டியிருக்கும். கண்ணும் வாயும் தவிர்த்து. விரல் சப்பும் குழந்தைக்குக் கையுறையாகக் காலுறையை மாட்டிவிடலாம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். எட்டு முதல் பதினான்கு மணி நேரம் கழித்து, காலையில் குளித்துவிடலாம். அடுத்த சனிக்கிழமை ராத்திரி இதே கச்சேரி மறுபடி. இரண்டாவது தடவையை விட்டுவிடாதீர்கள்.

துணிக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். ஊரடங்கில் மெத்தையையே எரித்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். பாவம் அந்த மெத்தை. உடம்பை விட்டு இறங்கிய உண்ணி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. கடைசி மூன்று நாளில் உடுத்திய துணி, விரித்த விரிப்பு, துண்டு, தலையணை உறை போதும். 50 டிகிரிச் சூடு பத்து நிமிடம் இருந்தால் உண்ணி சாகும். கை பொறுக்காத வெந்நீரில் ஊற வைத்துத் துவைத்துக் கொடியில் காயப் போடுங்கள். துவைக்க முடியாத கம்பளி, பொம்மை, பள்ளிப் பை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் பரண் மேல் வைத்துவிடுங்கள். சுவருக்கு மருந்தடிப்பது, தரையில் டெட்டால் ஊற்றுவது எல்லாம் மன ஆறுதலுக்கு. தெருநாயையும் விட்டுவிடுங்கள். நாய்க்கு வரும் சொறி உண்ணி வேறு ரகம். நம் மேல் ஏறினால் கொஞ்ச நாள் கடித்துவிட்டுத் தானாக ஒழியும், குடும்பம் நடத்தாது.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினோமே என்று மாமியார் கேட்பார். 1992இல் வெளியான ஒரு முன்னோட்ட ஆய்வில் 814 பேருக்கு வேப்பிலை மஞ்சள் விழுது பூசியதில், பெரும்பாலோருக்கு மூன்று முதல் பதினைந்து நாளுக்குள் குணம் தெரிந்ததாகப் பதிவு உண்டு. எனவே அதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். ஒரே ஒரு முன்னோட்ட ஆய்வை நம்பிப் பெர்மெத்ரினைத் தள்ளி வைக்கவும் மாட்டேன். ஒன்பது பேருக்குத் தலையிலிருந்து கால் வரை தினமும் அரைத்துப் பூச யாரால் ஆகும்? பாரம்பரியம் என்று பார்த்தால் சிரங்குக்குக் கந்தகக் களிம்பு உண்டு. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இன்றும் எழுதுகிறோம். நாற்றம்தான் ஒரே குறை.

மருந்து போட்ட பிறகும் அரிக்கும். இதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மறுபடி கடைக்கு ஓடுவீர்கள். பூச்சி செத்தாலும் அதன் உடலும் முட்டை ஓடும் தோலுக்குள்தான் கிடக்கும். தோல் உரிந்து அவை வெளியேற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை ராத்திரிக்கு ஒரு அரிப்பு மாத்திரை, பகலில் தேங்காய் எண்ணெய். அரிக்கிறதே என்று தினமும் பெர்மெத்ரின் தடவினால் அந்தக் கிரீமே தோலை எரித்து அரிப்பைக் கூட்டும். குரங்குப் புண் கதையாகும். நான்கு வாரம் தாண்டியும் குறையாவிட்டால், அல்லது புதிதாகச் சுரங்கமோ பருவோ தெரிந்தால் மட்டும் திரும்ப வாருங்கள்.

இரண்டு விஷயத்தில் காத்திருக்கக் கூடாது. குழந்தைகளுக்குச் சொறிந்த இடத்தில் சீழ் வைத்தால் அது பாக்டீரியா. உடனே மருந்து வேண்டும். அந்தப் பாக்டீரியாவில் ஒரு வகை, புண் ஆறிய சில வாரத்தில் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். காலையில் முகம் ஊதியிருந்தாலோ, சிறுநீர் டீத்தண்ணீர் நிறத்தில் போனாலோ அன்றே ஆஸ்பத்திரி. மற்றது, நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், படுக்கையில் கிடக்கும் முதியவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள். அவர்களுக்குச் சிரங்கு, அரிப்பே பெரிதாக இல்லாமல், சாம்பல் நிறத்தில் பொருக்குப் பொருக்காகக் கைகால்களில் படியும். 1848இல் நார்வே நாட்டில் தொழுநோயாளிகளிடம் முதலில் விவரிக்கப்பட்டதால் நார்வேச் சிரங்கு என்ற பெயர். பத்துப் பதினைந்து உண்ணி என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லாது, ஆயிரம், லட்சம். பக்கத்தில் போய்ப் பணிவிடை செய்தாலே தொற்றும். மருத்துவமனையில்தான் பார்க்க வேண்டும்.

வெட்கத்தைப் பற்றி ஒரு சேதி மட்டும். 1687இல் இத்தாலியில் பொனோமோ என்ற மருத்துவரும் செஸ்டோனி என்ற மருந்தாளரும் இந்த உண்ணியை நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரைந்தார்கள். எங்கே தேடுவது என்று அவர்களுக்குக் காட்டியது ஏழைத் தாய்மார்கள். நம் வீட்டில் பேன் குத்துவது போல, குழந்தைகளின் சிரங்கிலிருந்து ஊசி முனையால் எதையோ எடுத்து நகத்தில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார்கள். எதனால் வருகிறது என்று மனிதன் கண்ணால் கண்டுகொண்ட முதல் நோய்களில் இதுவும் ஒன்று. உலகச் சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்க்க 2017 ஆயிற்று. எந்த ஒரு நாளை எடுத்தாலும் இருபது கோடிப் பேருக்கு மேல் சொறிந்துகொண்டிருக்கிறார்கள்.

மகளிடம் இன்று ராத்திரியே கேளுங்கள்: விடுதி அறையில் எத்தனை பேர், யாருடைய கட்டிலில் யார் உட்கார்ந்து படித்தார்கள், துணி மாற்றிப் போட்டுக்கொண்டார்களா? அறைத் தோழிகள் மூன்று பேர் என்றால் அந்த மூவரும் அதே சனிக்கிழமை தடவ வேண்டும். சொல்ல அவள் கூசினால் விடுதிக் காப்பாளரை நீங்களே அழைத்து, பெயர் சொல்லாமல், "அந்த அறையில் எல்லாருக்கும் பாருங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். தங்கை குடும்பம் கடந்த ஒன்றரை மாதத்தில் வந்து தங்கியிருந்தால் அவருக்கும் ஒரு போன். அரிப்பு இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். "இல்லை" என்றுதான் சொல்வார். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

டியூப்களை எண்ணி வாங்கும்போது ஆளுக்கு இரண்டாக வாங்குங்கள், இரண்டாவது சனிக்கிழமைக்குச் சேர்த்து. மாமியாருக்கு முதுகில் தடவும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.